யசோதையின் மூக்கும் நான்கு கல்லூரி வாசல்களும்

எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஒரு தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருக்கிறது. தவழும் கண்ணன், பக்கத்தில் வெண்ணெய்த் தாழியோடு யசோதை. ஐயா காலத்தில் வாங்கியது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காக வீட்டை வெள்ளையடித்தபோது, படத்தையும் புதுப்பித்துத் தருவதாக ஒருவர் வந்தார். பழைய படங்களில் நல்ல பழக்கம் உள்ளவர் என்று நாலு பேர் சொன்னார்கள். கொடுத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்துப் படம் பளபளவென்று வந்தது. யசோதையின் மூக்கு மாறியிருந்தது.

பழைய யசோதைக்கு உருண்டை முகம், சற்றே சப்பை மூக்கு. அப்பத்தாவின் சாயல் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இப்போது இருப்பவள் காலண்டர் யசோதை. கூரிய மூக்கு, சிவந்த உதடு, கண்ணுக்கு மை. தங்க ரேக்கு உதிர்ந்த இடங்களில் கடையில் கிடைக்கும் தங்க நிறப் பெயிண்ட். அப்பத்தா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். "அத்தை, மேலே பூசியதை மட்டும் எடுக்க முடியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த அலசல் தொடங்கியது. கலைப்பொருள் பாதுகாப்பை முறையாகப் படிப்பது என்று அவள் முடிவு செய்ததும், நான்கு மாதம் கல்லூரி விதிமுறைகளாகப் படித்துத் தள்ளினோம். அப்படிப் படித்ததில் ஒன்று புரிந்தது. நுழைவு விதியைப் பார்த்தாலே அந்தக் கல்லூரி எதைக் கண்டு பயப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசிச் சுற்றில் நின்றவை நான்கு: நொய்டா, ரோம், ஸ்டுட்கார்ட், அமெரிக்காவின் டெலவேர். பிரிட்டனும் முதலில் இருந்தது. கட்டணத்தைப் பார்த்த அண்ணன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

நொய்டா

இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கும் தேசிய அருங்காட்சியக நிறுவனம் 1989-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. நெடுங்காலம் தில்லி தேசிய அருங்காட்சியக வளாகத்திலேயே இருந்து, பிறகு நொய்டாவுக்குக் குடிபோனது. கலைப்பொருள் பாதுகாப்பில் இரண்டு ஆண்டு எம்.ஏ. நடத்துகிறது. வாசலில் முதலில் கேட்பது இளநிலைப் பட்டமும் அதில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும். வேதியியல் படித்தவளுக்கு இது நேரான வழி. தூரிகை பிடித்திருக்கிறாயா, கை நடுங்குமா என்பதெல்லாம் நிபந்தனையில் இல்லை.

கல், உலோகம், மரம், துணி, தாள், ஓவியம் என்று எல்லாப் பொருள்களையும் அந்த இரண்டு ஆண்டுக்குள் தொட்டுவிடுவார்கள். செட்டிநாட்டுக்காரிக்கு இது ஒரு வசதி என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டு முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு நடந்தால் பர்மாத் தேக்குத் தூண், சுதை உருவம், ரவிவர்மா அச்சுப்படம், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிப் பூக்கல், எனாமல் அடுக்கு, ஐயாவின் வட்டிக்கடைக் கணக்கேடு என்று வரிசையாக வரும். ஒருவருக்கே எல்லாம் தெரிந்தால் நல்லதுதானே? ஆனால் எல்லாவற்றையும் தொட்டவர்தான் யசோதைக்கு மூக்கு வைத்தார் என்பதும் நினைவுக்கு வந்தது.

தில்லியில் மாநில அரசின் பாரம்பரிய ஆய்வு நிறுவனம் ஒன்றும் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்தின் கீழ் இதே துறையில் எம்.ஏ. நடத்தி வந்தது. லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசிய ஆய்வுக்கூடம் ஆறு மாதப் பயிற்சி தருகிறது. அது பட்டம் ஆகாது. ஏற்கெனவே அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவருக்கு நல்ல படிப்பு, கல்லூரி முடித்த கையோடு போகிறவளுக்குப் போதாது.

வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவில் வேதியியலாளர் பணிக்குப் போக வேண்டும் என்றால் அங்கே வேதியியல் முதுநிலைப் பட்டத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு. கலைப்பொருள் பாதுகாப்பில் எம்.ஏ. வாங்கியவர் அந்த அறிவிப்பைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். அரசு வேலைதான் குறி என்றால் எம்.எஸ்சி. வேதியியலை முடித்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் வருவது புத்திசாலித்தனம்.

ரோம்

ரோமில் உள்ள மத்தியப் பாதுகாப்பு நிறுவனம் 1939-இல் தொடங்கியது. முதல் இயக்குநர் சேசரே பிராந்தி. புளோரன்சில் இன்னொரு பள்ளி, 1588-இல் அந்நகரை ஆண்ட மெதிசி குடும்பத்தார் அமைத்த கல் வேலைப் பட்டறையின் வாரிசு. இரண்டிலும் படிப்பு ஐந்து ஆண்டு, 300 மதிப்பலகு (கிரெடிட்). இடையில் இளநிலைப் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்ப முடியாது. ஐந்தும் சேர்ந்தால்தான் பட்டம்.

நம் ஊர்க் கணக்குக்கு நேர் எதிரான விதி இது. நொய்டாவில் பட்டத்தைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். ரோமில் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு போதும், ஆனால் கையையும் கண்ணையும் காட்ட வேண்டும். ஒரு கலைப்பொருளின் படத்தைக் கொடுத்து, அளவு மாற்றிக் கோடாக வரையச் சொல்வார்கள். நிழல் போட்டு மழுப்ப இடமில்லை. அடுத்து, பிரிவைப் பொறுத்து, நிறத்தைக் கண்டு கலக்கும் சோதனை அல்லது உருவம் வனையும் சோதனை. அதையும் தாண்டினால் வாய்மொழித் தேர்வு: கலை வரலாறு, வேதியியல், இயற்பியல், உயிரியல். எல்லாம் இத்தாலிய மொழியில். இடங்களோ மிகச் சில. எல்லாப் பிரிவுகளும் எல்லா ஆண்டும் திறப்பதும் இல்லை.

பிரிவுகள் ஆறு. கல், சுதை, சுவரோவியம் உள்ளிட்ட கட்டடப் பரப்புகள் ஒன்று. மரப்பலகை மற்றும் துணி ஓவியம், மரச்சிற்பம் ஒன்று. துணியும் தோலும், மண்பாண்டம் கண்ணாடி உலோகம், நூலும் ஆவணமும், இசைக்கருவிகள் என்று மற்றவை. சேரும்போதே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சுதையில் தேர்ந்தவர் ஓவியத்தைத் தொடுவது அங்கே மரியாதை இல்லை. எங்கள் வீடு முழுவதையும் சரிசெய்ய இத்தாலியிலிருந்து அரை டஜன் பேர் வர வேண்டியிருக்கும் என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படித்து முடிக்கும் தேர்வே தொழில் உரிமத் தேர்வும் ஆகும். அந்தத் தகுதி இல்லாமல் இத்தாலியில் ஒருவர் தன்னைப் பண்பாட்டுச் சொத்தின் பாதுகாப்பாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே மருத்துவருக்கும் வக்கீலுக்கும் பதிவு உண்டு, படம் பழுது பார்ப்பவருக்குக் கிடையாது. பையில் நாலு தூரிகை இருந்தால் போதும்.

ரோமில் என்னை அசைத்தது ஒரு சின்ன வேலைமுறை. ஓவியத்தில் நிறம் உதிர்ந்து குழி விழுந்த இடத்தை நிரப்ப, பிராந்தி காலத்தில் அங்கே ஒரு முறையை உருவாக்கினார்கள். குழியைச் சமப்படுத்தி, அதன்மேல் நீர்வண்ணத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக, ஒன்றையொன்று ஒட்டி இழுப்பது. நாலடி தள்ளி நின்றால் கோடுகள் கலந்து நிறமாகிவிடும், ஓவியம் முழுமையாகத் தெரியும். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனால் கோடு கோடாகத் தெரியும்: இது பழைய கை அல்ல, பிறகு வந்த கை. ஈரப் பஞ்சால் எடுத்தும்விடலாம். மாணவியின் கண்ணையும் கையையும் முதல் நாளே ஏன் சோதிக்கிறார்கள் என்பது இதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் யசோதைக்கு வேண்டியிருந்தது அந்தக் கோடுகள்தான். கிடைத்தது எண்ணெய்ப் பெயிண்ட்.

ஸ்டுட்கார்ட்

ஜெர்மனியின் பயம் வேறு. பட்டறை வாசமே அறியாத பிள்ளை உள்ளே வந்துவிடக்கூடாது என்று பார்க்கிறார்கள். அதனால் பல கல்லூரிகள் விண்ணப்பத்துக்கு முன்பே ஓராண்டு வரை பட்டறைப் பயிற்சி கேட்கின்றன. அதுவும் சேர விரும்பும் பிரிவிலேயே. அந்த ஆண்டில் செய்த வேலையை எழுதி, படம் பிடித்து, கோப்பாகக் கொண்டுபோக வேண்டும். பிறகு நுழைவுத் தேர்வு. நம் பிளஸ் டூ மட்டும் பெரும்பாலும் போதாது, கல்லூரியில் படித்த காலத்தையும் கணக்கில் கேட்பார்கள். ஜெர்மன் மொழி நன்றாக வர வேண்டும்.

கட்டணம் ஒரு பொறி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று சொல்லும் ஏஜென்டுகள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். டிரெஸ்டன் பக்கமும் பார்க்கலாம், அங்கே ஐந்தாண்டுப் படிப்பு.

டெலவேர்

அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்கள். வின்டர்தர் அருங்காட்சியகமும் டெலவேர் பல்கலைக்கழகமும் 1974 முதல் சேர்ந்து நடத்தும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்புக்குப் பொது வேதியியலும் கரிம வேதியியலும் வேண்டும், கலை வரலாறு வேண்டும், ஓவியப் பயிற்சி வேண்டும், நேர்காணலுக்குக் கையால் செய்த வேலைகளின் தொகுப்பு வேண்டும். போதாததற்குப் பாதுகாப்புப் பட்டறை ஒன்றில் 400 மணி நேர அனுபவம். எடுப்பது ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில். உள்ளே போனால் உதவித்தொகை தாராளம், மூன்றாம் ஆண்டு முழுக்க ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் வேலை. நம் மூன்றாண்டுப் பட்டத்தை முதுநிலைக்கு அப்படியே ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பத்தில் ஒன்றாக நம் பிள்ளை வரும் என்று திட்டமிடுவது லாட்டரிச் சீட்டை நம்பி நிச்சயதார்த்தம் வைப்பது போல.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் என் கட்சி இது. இத்தாலிய விதிதான் நேர்மையானது. யசோதையைக் கெடுத்தவரிடம் இல்லாமல் போனது மதிப்பெண் அல்ல, தன் கை எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு. அதைச் சோதித்து உள்ளே விடுவது அவர்கள் மட்டும்தான். ஆனால் அது பதினெட்டு வயதுக்கான வாசல். இருபத்தொரு வயதில் மொழியையும் ஐந்து ஆண்டையும் புதிதாகத் தொடங்குவது எல்லா வீட்டுக்கும் தாங்காது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை யாராவது இதைப் படித்தால் ரோமை இப்போதே யோசிக்கட்டும். பட்டம் முடிக்கப் போகிறவளுக்கு நொய்டாதான் நடைமுறை. நடுவில் ஜெர்மன்காரர்கள் கேட்கும் அந்த ஓராண்டை அவர்கள் கேட்காமலே நாமாகச் செய்துவிட வேண்டும்.

அந்த ஓராண்டுக்கு இங்கே இடமா இல்லை? எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930-இல் வந்தது. வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்வேதியியல் முறையில் நீக்கினார், தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களின் பூச்சு எதனால் ஆனது என்று ஆராய்ந்தார். உலோக அரிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள காரைக்குடியிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிறது, பஸ்ஸில் போய்விடலாம். பெங்களூர் சித்ரகலா பரிஷத்தில் கலை, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் மையம் இருக்கிறது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும், எல்லோரும் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். எதுவும் அமையாவிட்டால், சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாகத் தேய்க்கத் தெரிந்த வயதான கொத்தனார்கள் இன்னும் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆறு மாதம் நின்றால் எந்த நுழைவுத் தேர்விலும் கை நடுங்காது.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பொருளையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று அண்ணன் மகளும் நினைத்தாள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே கணக்கு. அதோடு எங்கள் வீட்டில் எட்டுப் பங்கு. படத்தை ஆணியிலிருந்து கழற்றவே எட்டுப் பேரிடம் சொல்ல வேண்டும்.

போன வாரம் எட்டுப் பேரிடமும் சொல்லியாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு வெளிச்சுவர் ஓதம் ஏறும், ஓவியத்தின் பலாப்பலகை அதை உறிஞ்சும் என்று படத்தைக் கழற்றி உள்சுவரில், சுவரைத் தொடாமல் பின்னால் இரண்டு தக்கை வைத்து மாட்டியிருக்கிறாள். மூக்கை இப்போதைக்கு யாரும் தொடக்கூடாதாம், தான் உட்பட. இரவில் பழைய அட்டை ஒன்றில் நீர்வண்ணத்தால் செங்குத்துக் கோடு இழுத்துப் பழகுகிறாள். நேற்று அப்பத்தா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, கோடு கோணலாக இருக்கிறது என்றார்.