டெஸ்டினில் மீன்பிடிக்க: கூட்டப் படகா, தனிப் படகா?

ஃபுளோரிடாவின் டெஸ்டின் துறைமுகத்தில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பார்ட்டி போட்: ஆளுக்கு ஒரு டிக்கெட், பெரிய படகு, முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேரோடு கடலுக்குள் பயணம். மற்றொன்று, தனி சார்ட்டர்: படகையே வாடகைக்கு எடுப்பது. இதில் பெரும்பாலும் ஆறு பேர் வரை ஏறலாம். தூண்டில், இரை எல்லாம் இரண்டிலுமே கொடுத்துவிடுவார்கள். படகின் உரிமமே பயணிகளுக்கும் செல்லும் என்பதால் தனியாக மீன்பிடி உரிமம் வாங்க வேண்டாம்.

செலவில் பார்ட்டி போட்தான் மலிவு, அதிலும் இரண்டு மூன்று பேராகப் போனால் சந்தேகமே இல்லை. ஆறு பேர் சேர்ந்தால் தனிப் படகின் வாடகை பங்காகிப் பிரிந்து, இடைவெளி குறைந்துவிடும். டெக்ஹேண்டுக்கு, அதாவது படகில் உதவும் பணியாளருக்கு, 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தருவது அங்கே வழக்கம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் விலையை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும். முதல் கேள்வி கடல் நோய். படகு ஓடும்போது பலருக்கு ஒன்றும் தெரியாது. பாறைத் திட்டின் மேல் நிறுத்தித் தூண்டில் போடும்போதுதான் அலை ஆட்டும், வயிறு புரளும். பெரிய படகு என்பதால் பார்ட்டி போட் கொஞ்சம் குறைவாக ஆடும், உட்கார அறையும் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளை ஒருத்திக்காக அது கரைக்குத் திரும்பாது. தனிப் படகில் கேப்டனிடம் சொன்னால் போதும், திருப்பிவிடுவார். அல்லது கரையோரமாகவே ஓடிக்கொண்டு கிங் மாக்கரலுக்குத் தூண்டில் இழுக்கலாம். நம் வஞ்சிரத்துக்கு நெருங்கிய இனம் இது, கடித்தால் தூண்டில் நரம்பு சர்ரென்று ஓடும். பிள்ளைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது.

அப்புறம் நெரிசல். பார்ட்டி போட்டில் பக்கத்தில் நிற்பவரின் நரம்போடு உங்கள் நரம்பு சிக்கிக்கொள்வது சாதாரணம். பதின்ம வயதுப் பிள்ளைகள் சமாளிப்பார்கள், ஏழு வயதுக் குழந்தைக்கு அழுகை வந்துவிடும்.

நான்கு மணி நேரப் பயணமே போதும் என்பது என் உறுதியான கருத்து. டெஸ்டினில் ஏறத்தாழ 10 மைல் போவதற்குள்ளேயே 100 அடி ஆழம் வந்துவிடும். ஃபுளோரிடாவின் இன்னொரு ஊரான தம்பா பக்கம் இதே ஆழத்தைத் தொட வெகுதூரம் ஓட வேண்டும். அதனால் இங்கே குறுகிய பயணத்திலும் ரெட் ஸ்னாப்பர் (நம் சங்கராவின் உறவு) கிடைக்க வாய்ப்புண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அனுமதி பெற்ற சார்ட்டர் படகுகளுக்கு அதன் பருவம் ஜூன் 1 தொடங்குகிறது. ஆளுக்கு இரண்டு மீன், குறைந்தது 16 அங்குலம். பருவம் இல்லாதபோது எவ்வளவு பெரிதாக மாட்டினாலும் கடலில் விட்டுவிட வேண்டும்.

ஐந்து வயதுக்கும் கீழே பிள்ளைகள் இருந்தால் இரண்டுமே வேண்டாம் என்பேன். டெஸ்டினை ஒட்டிய சாக்டாவாச்சி விரிகுடாவுக்குள்ளேயே ஓடும் சிறு சார்ட்டர் படகுகள் இருக்கின்றன. அங்கே அலை குறைவு.

மற்றபடி தனிப் படகுக்கே என் ஓட்டு. பெரியவர்கள் மட்டும், கையில் பணமும் குறைவு என்றால் பார்ட்டி போட்டில் தாராளமாக ஏறலாம். எதுவானாலும், வானிலை கெட்டால் பணம் திரும்ப வருமா, குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கடல் நோய் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.