பால்கனி ரூம் என்று 84,000 கூடுதலாக வாங்கிக்கொண்டு லைஃப்போட்டைக் காட்டினார்கள்: கப்பல் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

கப்பல் டூருக்குப் பால்கனி ரூம் போடப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வந்து இறங்கினோம், இன்னும் துணிகூடத் துவைத்து முடியவில்லை, ஆனால் இப்போதே எழுதாவிட்டால் கோபம் ஆறிவிடும், ஆறினால் நான் எழுத மாட்டேன். 84,000 ரூபாய். டூர் காசு தனி, அதைச் சொல்லவில்லை. ரூமிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும், ரூமுக்கு 42,000 வீதம் இரண்டு ரூமுக்குக் கூடுதலாகக் கட்டிய பணம் இது.

அப்பாவுக்கு எழுபது முடிந்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வாழ்நாளெல்லாம் ரயில் பார்த்தாயிற்று, கப்பலில் ஒரு தடவை போய்ப் பார்க்கணும் என்றார். சரி என்று சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, ஃபுக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பச் சிங்கப்பூரிலேயே இறங்கும் நாலு ராத்திரி டூர் எடுத்தோம். அப்பா அம்மாவுக்கு ஒரு ரூம், எனக்கும் கணவருக்கும் பையனுக்கும் ஒரு ரூம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் உண்டு, ஜன்னல் இல்லாத உள் ரூமெல்லாம் சரிப்படாது. அதனால்தான் பால்கனி.

புக் செய்தது எங்கள் ஊரில் பெயர் சொல்லும் ஒரு டிராவல் ஏஜென்சியில். காசி யாத்திரையிலிருந்து ஐரோப்பா வரைக்கும் போடுகிறவர்கள். பெயர் போட்டால் அவன் நம் மேலேயே கேஸ் போடுவான் என்று கணவர் தடுக்கிறார், அதனால் பெயர் இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, போய் உட்கார்ந்ததும் காபி. அங்கே எங்களுக்குப் புக் செய்துகொடுத்த ஆள் லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி ஒரு போட்டோ காட்டினார். இரண்டு நாற்காலி, கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் நீலமாகக் கடல், வேறு ஒன்றும் இல்லை. "அம்மா, காலைல எழுந்து கதவைத் திறந்தா கடல்தான். நீங்க வெளியவே போக வேணாம், காபியை அங்கேயே கொண்டாந்து குடுப்பாங்க." அம்மா அந்த ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தார். அந்த நிமிஷம்தான் எல்லாம் முடிந்தது.

அந்தப் போட்டோ நாங்கள் போன கப்பலே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் பால்கனியில் கண்ணாடித் தடுப்பே கிடையாது, இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு.

வவுச்சரைப் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வரி வரியாகப் படித்தேன். ரூம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜிடிஒய்' என்று மூன்று எழுத்து. இது என்ன என்று அவரிடமே கேட்டேன். "கியாரண்டிக்கா. உங்களுக்குப் பால்கனி கியாரண்டின்னு அர்த்தம். நம்பர் கடைசியில வந்துடும், கம்பெனியே நல்ல இடமாப் பார்த்துப் போட்டுருவாங்க." பக்கத்தில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணுமாகக் குட்டியாக ஒரு குறியீடு இருந்தது. அதையும் கேட்டேன். "அது அவங்க உள் கணக்கு."

அந்த உள் கணக்கில்தான் என் 84,000 போயிற்று. கியாரண்டி என்றால், எந்த வகை ரூமுக்குக் காசு கட்டினோமோ அந்த வகையில் ஏதோ ஒன்று கட்டாயம் கிடைக்கும், எது என்று கப்பல்காரன் முடிவு செய்வான், நாம் கேட்க முடியாது, அவ்வளவுதான். தூங்க மட்டும் ரூம் போதும் என்பவர்களுக்கு அது நல்ல விஷயம், பொதுவாக விலை குறைவாக இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மேல் வகை ரூமேகூடக் கிடைக்கும். ஆனால் எங்களுக்குப் போட்டிருந்த அந்தக் குட்டிக் குறியீடு, காட்சி மறைக்கும் பால்கனிகளுக்கென்றே தனியாக வைத்திருக்கிற வகை. மலிவான வகையை வாங்கிக்கொண்டு, முழுப் பால்கனி என்று சொல்லி எங்களிடம் முழுக் காசு வாங்கியிருக்கிறார். அந்த 84,000-ஐ மட்டும் தனியாக யூபிஐயில், ஏஜென்சி கணக்குக்குக்கூட இல்லை, அவர் சொந்த நம்பருக்குப் போடச் சொன்னார். பில்லில் அதற்கு 'அப்கிரேட்' என்று ஒரே வார்த்தை.

மெரினா பேயில் ஏறி, வரிசையெல்லாம் முடிந்து, கார்டைத் தேய்த்து ரூமுக்குள் போய், அம்மாதான் திரையை இழுத்தார். எதிரே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுவர். ஒரு நிமிஷம் பக்கத்தில் வேறு கப்பல் நிற்கிறதோ என்று நினைத்தோம். லைஃப்போட். 150 பேர் ஏறுகிற மூடிய படகு, ஒரு டவுன் பஸ் நீளம், அதன் கூரை எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே. அப்பா அம்மா ரூமுக்குப் படகின் முன் பாதி, எங்களுக்குப் பின் பாதியும் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிற இரும்புக் கையும். நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் தகடு, அதற்கு மேல் ஆரஞ்சு. எழுந்து நின்று எட்டிப் பார்த்தால் கூரைக்கு மேலே ஒரு முழ அகலத்துக்குக் கடல்.

படகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1912-ல் டைட்டானிக் முங்கின பிறகுதான் கப்பலில் இருக்கிற எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று சட்டமே வந்தது, அதெல்லாம் சரி. கப்பலின் இரண்டு பக்கமும் நடுவாந்திர உயரத்தில் வரிசையாகத் தொங்கத்தான் செய்யும், அதற்குச் சற்று மேலே இருக்கிற ரூம்களுக்கு மறைக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி விற்க வேண்டியதுதானே? கப்பல் கம்பெனிகள் தங்கள் டெக் பிளானில் (எந்த மாடியில் எந்த ரூம் என்று காட்டும் படம்) அந்த ரூம்களைத் தனி நிறத்திலோ தனிக் குறியிலோ காட்டித்தான் வைத்திருக்கிறார்கள், விலையும் குறைத்துத்தான் போடுகிறார்கள். நடுவில் இருக்கிற இந்த ஆள்தான் அதை மறைத்தார்.

உடனே கீழே ரிசப்ஷனுக்கு ஓடினேன். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு ஸ்கிரீனை எனக்குத் திருப்பிக் காட்டினாள். இந்த வகைதான் உங்கள் பேரில் வாங்கப்பட்டிருக்கிறது, கப்பல் ஃபுல், மாற்ற முடியாது, உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள். அவள்மேல் தப்பில்லை. ஆனால் கப்பல் கரையை விட்டு நகர்ந்துவிட்டால் போனுக்கு சிக்னல் கிடையாது, வைஃபைக்குத் தனிக் காசு. பினாங்கில் ஸ்வெட்டன்ஹம் பியரில் இறங்கிய பிறகுதான் பேச முடிந்தது. மற்றவர்கள் ஜார்ஜ் டவுனைப் பார்க்கப் போனார்கள், நான் வெயிலில் நின்று ரோமிங்கில் கத்திக்கொண்டிருந்தேன். "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, நான் கம்பெனில பேசுறேன், நீங்க என்ஜாய் பண்ணுங்க." அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும்.

அன்றைக்கு ரூமுக்குத் திரும்பினால் படகின் கூரைமேல் இரண்டு பேர் பெல்ட் மாட்டிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் படகுகளுக்கு இந்த வேலையெல்லாம் செய்வார்களாம். அம்மா நைட்டியோடு திரையைத் திறந்தவர், கையெட்டும் தூரத்தில் ஒரு ஆள் குட் ஆஃப்டர்நூன் சொன்னதும் படாரென்று மூடினார், அதற்கப்புறம் கடைசிவரை திறக்கவில்லை. அப்பா என்னடாவென்றால் அந்த இரும்புக் கையைக் கீழிருந்து மேல் பார்த்து, "வயர் ரோப்புக்கு கிரீஸ் நல்லா வெச்சிருக்கான்" என்கிறார். அம்மா முறைத்த முறையில் உள்ளே போய்விட்டார்.

ஃபுக்கெட்டில் பெரிய கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது, சின்னப் படகில் படோங் கடற்கரைக்குப் போக வேண்டும். விடியற்காலையில் மோட்டார் உறுமுகிற சத்தம், பையன் அலறி எழுந்தான். எங்கள் முன்னால் தொங்கியது கரைக்கு ஆள் ஏற்றிப் போகவும் பயன்படுகிற படகு, அதைத்தான் இறக்குகிறார்கள். திடீரென்று மறைப்பு போய் முழுக் கடலும் தெரிந்தது, போட்டோவில் காட்டின அதே நீலம். ஆனால் ஊர் பார்க்க நாங்கள் கிளம்பியாக வேண்டுமே! 84,000 கொடுத்து வாங்கிய கடல் ரூமிலிருந்து தெரிந்த அந்த நேரமெல்லாம் நாங்கள் கரையில் இருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் படகை ஏற்றி மாட்டியாயிற்று.

மலாக்கா நீரிணையில் ராத்திரி கப்பல் வரிசை விளக்கு வைத்துப் போவதை அப்பா மேல் டெக்கில் நின்றுதான் பார்த்தார். அது உள் ரூம் எடுத்தவர்களுக்கும் இலவசம்.

ஊருக்கு வந்த மறுநாளே ஆபீசுக்குப் போனோம். ஓனர் வெளியூர். அந்த ஆள் இருந்தார், காபி வரவில்லை. "மேடம், பால்கனி கேட்டீங்க, பால்கனி இருந்துச்சா இல்லையா?" இருந்தது. "கடல் தெரியலன்னு சொல்லாதீங்க, நின்னு பார்த்தா தெரியும்ல?" என் கணவர் யாரிடமும் குரல் உயர்த்தாதவர், அவரே மேஜையைத் தட்டினார். அப்புறம் பேச்சு மாறியது. கப்பல் கம்பெனி பாலிசி, எங்க கையில இல்ல. மெயில் போடுங்க. போட்டேன். விதிமுறைப்படி பணம் திருப்பித் தர இயலாது என்று இரண்டே வரி பதில், கீழே அடுத்த டூர் விளம்பரம். மறுபடி போன் செய்தால், அடுத்த புக்கிங்கில் 5,000 குறைச்சுக்கலாம் மேடம் என்கிறார். 84,000-க்கு 5,000, அதுவும் இன்னொரு தடவை அவரிடமே போய் மாட்டினால்.

நல்ல கேபின் எடுப்பது எப்படி என்று விரிவாக எழுதுவதாகத்தான் நேற்று இரண்டு பேரிடம் சொன்னேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ரூம் நம்பர் கையில் வராமல் பால்கனிக்குக் கூடுதல் காசு கட்டாதீர்கள். நம்பர் வந்ததும் கப்பலின் டெக் பிளானைத் திறந்து, அந்த ரூமுக்கு முன்னாலும் நேர் கீழேயும் லைஃப்போட் இருக்கிறதா, குறியோ நிற வித்தியாசமோ இருக்கிறதா பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல் குளமோ சாப்பாட்டு ஹாலோ இருந்தால் நாற்காலி இழுக்கிற சத்தத்தில் தூங்க முடியாது. ஆட்டம் பயம் என்றால் கப்பலின் நடுப்பக்கம், கீழ் டெக். ஆனால் கீழே போகப் போகப் படகு வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பெரிய கப்பல்களில் பால்கனி கடலைப் பார்க்காமல் கப்பலுக்கு உள்ளே இருக்கிற தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும், அதையும் பால்கனி என்றுதான் விற்பார்கள். காட்சி மறைக்காது என்று மெயிலில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. சொந்த நம்பருக்கு யூபிஐ போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பில், வவுச்சர், யூபிஐ ஸ்கிரீன்ஷாட், இந்த இரண்டு வரி மெயில், நாற்காலியில் உட்கார்ந்த உயரத்தில் அப்பா எடுத்த போட்டோ எல்லாம் ஒரே கவரில் இருக்கிறது. பில்லில் டிசிஎஸ் என்று பிடித்த வரி, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் பட்டியலில் எங்கள் பெயரில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் கணவர், அதுவும் ஏறாவிட்டால் அது தனிக் கச்சேரி. நாளைக் காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப் போகிறேன், பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். திருச்சிப் பக்கத்தில் கப்பல் டூருக்கு முன்பணம் கட்டிவிட்டு மிச்சத்தைக் கட்டக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே வவுச்சரை எடுத்து, அந்த மூன்று எழுத்தும் பக்கத்தில் குட்டிக் குறியீடும் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கீழே கமென்டில் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.