'இந்தியாவின் நம்பர் 1 கோல்ஃப் தலம்' என்று பணம் வாங்கிவிட்டு எங்களை கேட்டிலேயே நிறுத்தினார்கள்

கோல்ஃப் டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு போன் போடுங்கள். டிராவல்ஸ்காரர் கொடுக்கும் எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் ஆடப்போகும் கிளப்பின் அலுவலகத்துக்கே நேராகப் போடுங்கள். இன்ன தேதியில் இன்ன பெயரில் டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) பதிவாகியிருக்கிறதா, அந்த வாரம் கிரீன்கள் (குழியைச் சுற்றிய ஒட்டவெட்டிய புல்தரைகள்) ஆடும் நிலையில் இருக்குமா என்று கேளுங்கள். கிளப்பிலிருந்து பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் மாமனார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் கோல்ஃப் பழகினார். வெயிலில் காய்ந்த தரையிலேயே ஆடிப் பழகியவருக்கு, மலை மேல் குளிர்காற்றில் ஒரு தடவையாவது முழுசாக 18 ஹோல், அதாவது பதினெட்டுக் குழி ஆட்டம், ஆட வேண்டும் என்பது பல வருட ஆசை. எழுபதாவது பிறந்தநாளுக்கு அதையே செய்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அப்போது கண்ணில் பட்டதுதான் அந்த விளம்பரம். 'இந்தியாவின் நம்பர் 1 மலை கோல்ஃப் தலம். 18 ஹோல் சாம்பியன்ஷிப் மைதானம். டீ டைம் உறுதி. கேடி, கார்ட், கிளப் செட் எல்லாம் உள்ளடக்கம்.' கேடி என்றால் கூடவே வந்து பையைத் தூக்கும் உதவியாளர், கார்ட் என்றால் மைதானத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டி, கிளப் செட் என்றால் பந்தை அடிக்கும் மட்டைகள். பேசிய டிராவல்ஸ்காரரும் அவ்வளவு நயமாகப் பேசினார். முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, அன்றைக்கே வவுச்சர் அனுப்பிவிட்டார்.

மாமா அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, ஏழாயிரம் அடி உயரம்னு போட்டிருக்காங்க. படத்துல கிரீனுக்குப் பின்னாடி தென்னை வரிசையா நிக்குதே?"

உடனே டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். "சார், அது டிசைனர் வச்ச மாதிரிப் படம். நேர்ல போய்ப் பாருங்க, இதைவிட நல்லா இருக்கும்" என்றார். அந்த உயரத்தின் குளிரில் தென்னந்தோப்பு வளராது. கடலோரத்து மைதானம் ஏதோ ஒன்றின் படத்தை மலைநகரத்தின் பெயரில் விற்றிருக்கிறார்கள். வேறு டூர்களின் விளம்பரங்களையும் பிறகு புரட்டிப் பார்த்தேன். ஒரே ஏரி, ஒரே பங்கர் (மணல் பள்ளம்), இரண்டு மாநிலங்களின் பெயரில் இருக்கிறது.

கிளப் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். காலை நேரம். மாமா புது கையுறையைக்கூட வண்டியிலேயே மாட்டிக்கொண்டுவிட்டார். காவலாளி எங்களை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, வவுச்சரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, அன்றைய தேதியில் விரலை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். எங்கள் பெயர் இல்லை. "சார், இதுல எங்க ரெஃபரன்ஸ் நம்பரே இல்லையே. இது உங்க ஏஜென்ட் அவர் கம்ப்யூட்டர்ல அடிச்சது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் மெம்பர்ஸ் டோர்னமென்ட் நடக்குது. வெளியாளுங்களுக்கு டீ டைமே கிடையாது" என்றார். அந்த டோர்னமென்ட் அறிவிப்பு பல வாரங்களாக அவர்கள் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வயதானவர் வந்திருக்கிறார் என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். தான் செய்யாத தப்புக்கு மன்னிப்பும் கேட்டார்.

இந்த ஏமாற்று எடுபடுவதற்குக் காரணமே, நம் நாட்டின் பழைய கோல்ஃப் கிளப்புகள் எப்படி நடக்கின்றன என்பது வெளியில் பலருக்குத் தெரியாததுதான். பல கிளப்புகள் உறுப்பினர்களுக்கானவை. வெளியார் ஆட வேண்டுமென்றால் ஓர் உறுப்பினரின் விருந்தினராகப் போக வேண்டும், அல்லது அவர்களோடு இணைப்பு ஒப்பந்தம் உள்ள வேறொரு கிளப்பின் உறுப்பினராக இருக்க வேண்டும். சில இடங்களில் ஹேண்டிகேப் சான்றிதழ் (ஆடுபவரின் திறமை அளவைக் காட்டுவது) கேட்பார்கள். ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் மைதானங்களுக்குத் தனி விதிகள் உண்டு. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, பராமரிப்புக்கு மூடும் மைதானங்களும் உண்டு. 'டீ டைம் உறுதி' என்று ஒரு டிராவல்ஸ்காரர் சொன்னால், இதில் எந்த வழியாக உறுதி என்று கேளுங்கள். உண்மையிலேயே பதிவு செய்திருப்பவர் இன்ன உறுப்பினர் மூலம் என்றோ, கிளப்பின் ரசீது இதோ என்றோ உடனே சொல்லிவிடுவார்.

கிளப் வாசலில் நின்றபடி எங்கள் டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்தேன். "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன் சார்" என்று வைத்தவர், மதியம்தான் எடுத்தார். எடுத்து, மாற்று ஏற்பாடு என்று மலைப்பாதையில் வெகுதூரம் தள்ளி இருந்த வேறொரு மைதானத்துக்கு அனுப்பினார். அது 9 ஹோல். 'ரெண்டு சுத்து ஆடுனா பதினெட்டு தானே சார்' என்று நியாயம் வேறு. 9 ஹோலை இரண்டு முறை ஆடுவதில் தப்பே இல்லை, மூணாறில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹை ரேஞ்ச் கிளப்பின் 9 ஹோலை ரசித்து ஆடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் 18 ஹோல் சாம்பியன்ஷிப் மைதானம் என்று காசு வாங்கியவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக் கூடாது.

அங்கே போனால் கிரீன்கள் முழுக்கத் துளை. விரல் நுனி நுழையும் அளவு வட்டத் துளைகள், இரண்டு அங்குலத்துக்கு ஒன்று வீதம், ஓரத்திலிருந்து ஓரம்வரை. மேலே மணலைக் கொட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். "நேத்துதான் சார் பஞ்ச் போட்டாங்க. சரியாக ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார் கேடி. ஏரேஷன் என்பது இதுதான். ஆட்கள் நடந்து நடந்து கிரீனின் மண் இறுகிவிடும், வேருக்குக் காற்றும் தண்ணீரும் இறங்காது. அதனால் குழல் போன்ற கம்பிகளால் மண்ணைத் துளைத்து எடுத்து, அந்த இடத்தை மணலால் நிரப்புவார்கள். புல் நலமாக இருக்க இது அவசியம், எந்த நல்ல மைதானமும் செய்யும். ஆனால் அது ஆறும்வரை பந்து நேராக உருளாது. தேதியும் முன்கூட்டியே முடிவாகிவிடும், போனில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

மாமா முதல் கிரீனில் நான்கடி பட் (குழியை நோக்கிப் பந்தை மெல்ல உருட்டும் அடி) ஒன்றுக்கு நின்றார். அவர் பட்டிங்கில் கெட்டிக்காரர். தூரமாக அடிக்க உடம்பு விடாது என்பதால் அதில்தான் உழைப்பைப் போட்டவர். பந்து புறப்பட்டு ஒரு சாண் போனதும் ஒரு துளையில் தட்டி எகிறியது, அடுத்ததில் வலப்பக்கம் திரும்பியது, குழிக்கு ஒரு முழம் தள்ளி மணலில் நின்றுவிட்டது. குனிந்து எடுத்து, பந்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது ஹோலோடு "போதும் மாப்ள, கிளம்பலாம்" என்றார். எனக்கு அந்த ஆள்மீது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. எனக்கு வாடகைக்கு வந்த செட்டில் மணலிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ் இல்லை, அயர்ன்கள் எனும் இரும்புத்தலை மட்டைகள் இரண்டு வெவ்வேறு கம்பெனி, பிடியின் ரப்பர் தேய்ந்து வழுக்கியது. கேடிக்கும் செட்டுக்கும் அங்கேயே தனியாகப் பணம் கட்டினோம். கார்ட் அந்த மைதானத்தில் கிடையவே கிடையாது. 'எல்லாம் உள்ளடக்கம்' என்பதில் மீதி இருந்தது அறையும் காலைச் சாப்பாடும்தான்.

அந்த 'நம்பர் 1' பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கொடுத்தது யார், எந்த வருடம் என்று விளம்பரத்தில் இல்லை, கேட்டாலும் பதில் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தேசிய சுற்றுலா விருதுகளில் கோல்ஃப் மைதானங்களுக்கு என்று ஒரு பிரிவு இருந்திருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கிய இடம் ஆண்டையும் பிரிவையும் பெருமையாகப் போட்டுக்கொள்ளும். வெறும் 'நம்பர் 1' என்றால் டிராவல்ஸ்காரர் தானே போட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃபுக்கு நாட்டிலேயே சிறந்த ஊர் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்பது என் கருத்து. பழமை வேண்டுமென்றால் கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், 1829இல் தொடங்கியது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் அங்கே போனால் புழுக்கமும் தண்ணீரும்தான் மிஞ்சும். பழைய கல்லறை மண்டபங்களுக்கும் மயில்களுக்கும் நடுவே ஆட வேண்டுமென்றால் டெல்லி கோல்ஃப் கிளப். ஃபேர்வே (பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளிப் பாதை) குறுகல், இரண்டு பக்கமும் புதர்க்காடு, ஒரு பந்து உள்ளே போனால் போனதுதான். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லி மூடுபனியில் காலை ஆட்டம் தள்ளிப்போகும், ஆகவே பிப்ரவரி, மார்ச் நல்லது. காஷ்மீரின் குல்மார்க் மைதானம் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் வழக்கமாக எடுக்கும் மட்டையை எடுத்தால் பந்து கிரீனைத் தாண்டிப் போகும். அதே இடம் குளிர்காலத்தில் பனிக்குள் புதைந்து பனிச்சறுக்கு நடக்கும். ஜனவரியில் 'குல்மார்க் கோல்ஃப்' என்று யாராவது விற்றால் ஓடிவிடுங்கள்.

நம் பக்கத்து மலைகளுக்கும் இதே கணக்குதான். ஊட்டியில் ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தென்மேற்குப் பருவமழை. கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய கிளப் இருக்கிறது, அங்கே அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. பல மைதானங்களை ஒரே பயணத்தில் ஆடிப் பார்க்க விரும்பும் குழுவுக்கு நான் பெங்களூரைத்தான் சொல்வேன். 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப், கேஜிஏ எனும் கர்நாடகா கோல்ஃப் சங்கத்தின் மைதானம் என்று ஒரே ஊரைச் சுற்றித் தேர்வு இருக்கிறது. ஓரிடத்தில் கிரீன் பஞ்ச் போட்டிருந்தாலும் அடுத்த இடத்தில் கேட்டுப் பார்க்க முடியும். வெயிலும் கொல்லாது. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் மேடு பள்ளம் எவ்வளவு, கார்ட் உள்ளே விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். மலை மைதானங்களில் ஒரு ஹோலிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதே மூச்சு வாங்கும்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் விடவில்லை. இப்படி விளம்பரம் செய்வதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் உதவிய விஷயம், டிராவல்ஸ் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம் என்பது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். அதுவரை போனையே எடுக்காதவர், அதற்குப் பிறகு தானாகக் கூப்பிட்டு, 'அடுத்த டூர்ல பாதி தள்ளுபடி தர்றோம் சார்' என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வங்கி அட்டையில் கட்டிய பகுதிக்கு வங்கியிலும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஆணையத்தில் எங்களுக்குக் கைகொடுக்கப் போவது மாமா சேர்த்து வைத்த காகிதங்கள்தான். வங்கிக்காரர் அல்லவா, அங்கேயே ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிவிட்டார். எங்கள் பெயரில் பதிவு இல்லை என்று கிளப் அலுவலகம் எழுதிக் கொடுத்த ஒரு வரிக் குறிப்பு, டோர்னமென்ட் அறிவிப்பின் படம், துளை போட்ட கிரீனின் படம் பக்கத்தில் அளவுக்கு வைத்த பந்தோடு, கேடிக்கும் வாடகை செட்டுக்கும் கட்டிய ரசீதுகள், தென்னை நிற்கும் அந்த விளம்பரம். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. உங்களிடமும் கிளப்பின் ரெஃபரன்ஸ் எண் இல்லாத இப்படிப்பட்ட வவுச்சர் இருந்தால் அழித்துவிடாதீர்கள். விளம்பரம் மாறுவதற்குள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கே கிளப்புக்குப் போன் போடுங்கள்.