டஸ்கனியில் குடும்பத்தோடு ஒரு வாரம்: ஃபிளாரன்ஸில் தங்கலாமா, சியெனாவிலா, லூக்காவிலா?

இத்தாலிக்கு ஒரு வாரம் என்றதும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இரண்டு பேர் போனால் முடியும். கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, முழங்கால் வலியுள்ள பாட்டி என்று ஐந்தாறு பேர் கிளம்பினால், ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் அரை நாள் போய்விடும். காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் சாவி கிடைக்கும். நடுவில் பெட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அதனால் டஸ்கனி வட்டாரத்தில் ஒரே ஊரில் தங்கி, மற்ற ஊர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது குடும்பங்களுக்கு நன்றாக ஒத்துவரும். எந்த ஊரில் தங்குவது என்பதுதான் கேள்வி. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோ நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோ இருந்தால் லூக்கா. கையில் மூன்று நான்கு நாள்தான், ஓவியமும் சிற்பமும்தான் முக்கியம் என்றால் ஃபிளாரன்ஸ். பிள்ளைகள் வளர்ந்தவர்கள், மலைக்கிராமங்களையும் பார்க்க வேண்டும், கார் ஓட்டத் தயங்காதவர் ஒருவர் இருக்கிறார் என்றால் சியெனா.

ஃபிளாரன்ஸ்

இதன் பலம் ரயில். சாந்தா மரியா நொவெல்லா நிலையம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அதிவேக ரயிலில் ரோமிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம், வெனிஸிலிருந்து இரண்டேகால் மணி நேரம். பைசாவுக்குச் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம்.

பலவீனம், எதற்கும் முன்பதிவு இல்லாமல் நடக்காது என்பது. உஃபிஸி ஓவியக் கூடமும், மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு மாலை வந்து செவ்வாய் காலை கிளம்பும் திட்டத்தில் இரண்டுமே கைவிட்டுப் போகும். இரண்டும் அரசு அருங்காட்சியகங்கள் என்பதால் 18 வயதுக்குட்பட்ட எந்த நாட்டுப் பிள்ளைக்கும் நுழைவு இலவசம். ஆனால் நேரத்தைப் பதிவு செய்யும்போது அந்த இலவச டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், அதற்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. பெரியவர்களுக்கு மட்டும் நேரம் பிடித்துவிட்டு, பிள்ளைகளை வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இந்தச் சலுகை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஃபிளாரன்ஸ் பேராலயக் கோபுரங்கள், பைசா கோபுரம், சியெனா பேராலயம் எதுவும் அரசு அருங்காட்சியகம் இல்லை. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்குத் தனி விதி, தனிக் கட்டணம்.

கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டிய பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் உள்ஓடு, வெளிஓடு இரண்டுக்கும் இடையே போகும் பாதை மேலே போகப் போகக் குறுகும், நடுவில் முடியாமல் போனால் திரும்புவது பெரும்பாடு. பக்கத்தில் ஜோட்டோவின் மணிக்கூண்டுக்கு 414 படிகள். அங்கே இடையிடையே தளங்கள் வருவதால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், உச்சியிலிருந்து குவிமாடத்தையே நேருக்கு நேர் பார்க்கலாம். பிள்ளைகளோடு ஏறுவதென்றால் மணிக்கூண்டுதான் சரி. குவிமாட டிக்கெட்டில் குறித்த நேரத்தைப் பிறகு மாற்ற முடியாது. ரயிலில் வந்து இறங்கும் நாளில் அதை வைக்காதீர்கள்.

ஓவியம் பார்த்துச் சலித்த பிள்ளைகளுக்கு உஃபிஸிக்குப் பின்னாலேயே, ஆர்னோ ஆற்றங்கரையில் கலீலியோ அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் பயன்படுத்திய தொலைநோக்கிகளும், கண்ணாடிக் குடுவைக்குள் பாதுகாத்து வைத்த அவருடைய விரலும் அங்கே உண்டு.

லூக்கா

குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடும் ஊர் இது, நியாயமே இல்லாமல். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கட்டிய கோட்டை மதில் 4.2 கிலோமீட்டர் சுற்றளவில் இன்றும் முழுசாக நிற்கிறது. மதில் மேல் இருபுறமும் மரம் வைத்த அகலமான சாலை. அதில் கார் போக்குவரத்து கிடையாது. நடந்தால் ஒரு மணி நேரம், சைக்கிளில் அரை மணி. மதில் வாசல்களுக்குப் பக்கத்துக் கடைகளில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்: குழந்தை இருக்கை வைத்தது, இருவர் மிதிப்பது, குடும்பமே உட்கார்ந்து மிதிக்கும் நாலு சக்கர வண்டி. அடையாளச் சான்று கேட்பார்கள். பதினொரு கொத்தளங்களில் சிலவற்றில் ஊஞ்சல், சறுக்குமரம் உண்டு. கட்டி முடித்த பிறகு இந்த மதிலை எந்தப் படையும் முற்றுகையிடவில்லை. 1812இல் செர்க்கியோ ஆறு பெருக்கெடுத்தபோது வாசல்களை அடைத்து ஊரைக் காப்பாற்றியது இதே மதில்தான்.

ஊருக்குள் தரை சமதளம். தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் டஸ்கனியின் பழைய ஊர்களில் இவ்வளவு தோதான இடம் வேறு இல்லை. ரயில் நிலையம் தெற்கு மதிலுக்கு வெளியிலேயே இருப்பதால் பெட்டியை உருட்டிக்கொண்டே அறைக்குப் போய்விடலாம். ரோமானிய அரங்கின் சிதைவுகளின் மேலேயே வீடுகள் எழுந்து நீள்வட்டமாக நிற்கும் அன்ஃபித்தியாத்ரோ சதுக்கம், உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்திருக்கும் குயினிஜி கோபுரம், 1858இல் பிறந்த இசையமைப்பாளர் புச்சினியின் வீடு, எல்லாமே நடக்கும் தூரம்தான்.

லூக்காவிலிருந்து பைசா அரை மணிக்கும் குறைவு. இங்கே ஒரு நுணுக்கம். கோபுரம் பார்க்கப் போகிறவர்கள் பைசா சென்ட்ராலே நிலையத்தில் இறங்கி, ஊரைக் கடந்து இரண்டு கிலோமீட்டருக்கு நெருக்கமாக நடக்கிறார்கள். லூக்கா ரயில்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே பைசா சான் ரொஸ்ஸோரே என்ற சிறிய நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் கோபுரம் பத்து நிமிட நடைக்குள்.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கோபுரத்தில் ஏற்ற மாட்டார்கள். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாலும் விட மாட்டார்கள். பெற்றோர் ஆளுக்கு ஒரு நேரம் எடுத்து மாறி மாறி ஏறுவதே வழி. பைகளை எல்லாம் பாதுகாப்பு அறையில் விட வேண்டும், ஆகவே குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய்விடுங்கள். பளிங்குப் படிகள் நடுவில் குழிந்து தேய்ந்தவை, கோபுரமும் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் உள்பக்கமும் மறுபாதியில் வெளிப்பக்கமும் உடம்பு தள்ளும். செருப்போடு ஏற வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.

லூக்காவின் குறை: ஃபிளாரன்ஸுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இரண்டு முறை போய்வந்தால் ஆறு மணி நேரம் ரயிலிலேயே கழியும். சியெனா, மலையூரான சான் ஜிமின்யானோ இரண்டுக்கும் இங்கிருந்து நேர்வழி இல்லை. அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்தில் காமிக்ஸ் திருவிழா நடக்கும்போது ஊரில் அறையே கிடைக்காது.

சியெனா

அழகில் மூன்றிலும் முந்தி நிற்பது இதுதான். விசிறிபோல ஒன்பது பகுதிகளாகச் சரியும் கம்ப்போ சதுக்கத்தில், பகல் கூட்டம் பஸ் ஏறிப் போன பிறகு செங்கல் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளை ஓடவிடலாம். இங்கே இரவு தங்குவதன் பலனே அந்த மாலை நேரம். பேராலயத்தை விரிவாக்க 1339இல் தொடங்கிய பணி, 1348 கொள்ளைநோய்க்குப் பின் கைவிடப்பட்டது. அரைகுறையாக நிற்கும் அந்தப் பெருஞ்சுவரின் உச்சிக்கு ஏறலாம். பேராலயத்தின் பளிங்கு ஓவியத் தரையை ஆண்டின் பெரும்பகுதி மூடியே வைத்திருப்பார்கள். கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் சில வாரங்கள்தான் முழுதாகத் திறப்பார்கள், அதற்கேற்றபடி நாள் குறிப்பது நல்லது.

ஆனால் ஊர் முழுக்க மேடு பள்ளம். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் வந்தால் குன்றின் அடியில் இறங்கி, எதிரில் உள்ள வணிக வளாகத்தின் நகரும் படிகளில் அடுக்கடுக்காக ஏறி, பிறகும் நடக்க வேண்டும். 131ஆர் விரைவுப் பஸ் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் மேலேயே, கிராம்ஷி சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். இந்த ஒரு வழியில் மட்டும் ரயிலைவிடப் பஸ்தான் மேல். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவு.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்தைச் சதுக்கத்தின் நடுவில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் உள்ளே போனவர் மணிக்கணக்கில் வெளியே வர முடியாது, நிழலும் இல்லை. சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது சரியில்லை. முந்தைய நாட்களின் ஒத்திகை ஓட்டங்களே போதும்.

காரா, ரயிலா?

ஃபிளாரன்ஸிலும் லூக்காவிலும் தங்கினால் கார் தேவையே இல்லை, பாரம்தான். சியெனாவில் தங்கி பியென்ஸா, ஒர்ச்சா பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர்கள் மட்டும் அந்த இரண்டு நாளுக்கு எடுக்கலாம். வாடகை அலுவலகங்கள் பல மதியமும் ஞாயிறும் மூடியிருக்கும், திருப்பித் தரும் நேரத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம்.

பெரிய ஆபத்து, பழைய ஊர்களின் நடுவில் உள்ள இசட்.டி.எல். எனும் தடைப் பகுதி. சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகை இருக்கும், மேலே கேமரா. சில இடங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எரியும். வாசல் திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே விடாதீர்கள், கேமரா இப்போது வேலை செய்கிறது, போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம், உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுப்பதற்கு வாடகை நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும், நோட்டீஸ் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். தடைப் பகுதிக்குள் விடுதி இருந்தால் வண்டி எண்ணை அவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். வழிகாட்டிச் செயலியை நம்பி உள்ளே போவதுதான் பலரும் மாட்டும் வழி. நிறுத்தும் இடத்தில் நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு உங்களுக்கு இல்லை. சியெனாவில் சாந்தா கத்தரீனா நிறுத்தத்தில் விட்டால் நகரும் படிகள் பேராலயத்துக்கு அருகில் கொண்டுபோய் விடும்.

ரயிலில் தவறு நடப்பது டிக்கெட்டில். சாதாரண ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் சொருகி முத்திரை வாங்க வேண்டும். மொபைலில் வாங்கியதென்றால் கிளம்பும் முன் அதில் செக்-இன் செய்ய வேண்டும். இரண்டையும் மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுவீர்கள். இந்த ரயில்களுக்குக் கட்டணம் மாறாது, முன்பதிவு தேவையில்லை. அதிவேக ரயிலுக்கு நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அதை மட்டும் முன்னதாக வாங்குங்கள். ஷோபெரோ எனப்படும் வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உறுதியளித்த ரயில்கள் ஓடும்.

சைவக் குடும்பங்களுக்கு

பைசா, லூக்கா பக்கம் கிடைக்கும் செச்சீனா என்பது கடலைமாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்து அடுப்பில் சுட்ட பெரிய அடை. பீட்சாக் கடைகளில் சூடாக வெட்டித் தருவார்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். ரொட்டி, பீன்ஸ், கருங்கோஸ் போட்டுக் கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தாவைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், இறைச்சிச் சாறு சேர்ப்பவர்கள் உண்டு. 'ப்ரோதோ தி கார்னே' இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலைத் திரட்டும் ரென்னட் இருக்கும். டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், அது இந்த வட்டார வழக்கம். சமையலறைகள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டரைக்கு மூடி மாலை ஏழரைக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்குப் பசிக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே ஏதாவது வாங்கி வையுங்கள்.

ஏழு இரவு இருந்து, ஒரே ஒரு முறை ஊர் மாறத் தயார் என்றால் லூக்காவில் நான்கு, ஃபிளாரன்ஸில் மூன்று என்று பிரித்து, ஃபிளாரன்ஸ் நாட்களில் ஒன்றைச் சியெனாவுக்குக் கொடுப்பது நல்லது. ஃபிளாரன்ஸை முன்னால் வையுங்கள், லூக்காவைக் கடைசியில். ஃபிளாரன்ஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை சிறியது, காற்று திரும்பினால் விமானங்களைப் பைசாவுக்கோ பொலோனியாவுக்கோ திருப்பிவிடுவார்கள். பைசாவிலிருந்தே கிளம்பினால் அந்தக் கவலை இல்லை. லூக்காவிலிருந்து ரயிலில் பைசா சென்ட்ராலே வந்து, அங்கிருந்து பைசாமூவர் தானியங்கி வண்டியில் ஐந்து நிமிடத்தில் விமான நிலையம் போய்விடலாம்.