துருவப் பாதையில் சூரியத் துகள்கள்: அங்கேயே அளப்பதா, தொலைவிலிருந்து கணக்கிடுவதா?

துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைச் சூரியத் துகள்கள் எவ்வளவு தாக்கும் என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொலைவிலிருந்து கணக்கிடுவது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள கோஸ் (GOES) எனும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள், சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களான புரோட்டான்களைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகின்றன. அரிதான பெரும் வெடிப்புகளும் அந்தப் பதிவில் உண்டு. ஆனால் துருவப் பாதைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பூமியின் காந்தப்புலம் தடுக்கும் பங்கைக் கணித மாதிரி வைத்துக் கழிக்க வேண்டும்.

இன்னொரு வழி, அந்தப் பாதையிலேயே கருவியை அனுப்புவது. 1992-இல் ஏவப்பட்ட நாசாவின் சாம்பெக்ஸ் (SAMPEX) செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு 82 பாகைச் சாய்வில் சுற்றி இதைத்தான் செய்தது. காந்தப் புயலின்போது துகள்கள் நுழையும் எல்லை துருவத்தை விட்டு நிலநடுக்கோட்டுப் பக்கம் இறங்கும். எவ்வளவு அழகான தகவல் இது! நேரடி அளவீட்டில்தான் பளிச்சென்று தெரியும். துருவத்துக்கு மேலே இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம்தான், அது குறை.

மொத்தக் கதிர்வீச்சை மதிப்பிட முதல் வழியே போதும் என்பேன். துகள் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1) பாதையின் எந்த இடத்தில் புரளும் என்று அறிய, நேரடி அளவீட்டை விடவே கூடாது.