டாம்கேட்டா, ஹார்னெட்டா? மாதிரி விமானம் கட்டுவோருக்கான ஒப்பீடு

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட், எஃப்/ஏ-18 ஹார்னெட் ஆகிய இரண்டு போர் விமானங்களில் எதன் மாதிரியைக் கட்டினாலும், இறக்கையின் நிலையை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். டாம்கேட்டின் இறக்கை மடங்காது. பறக்கும்போது 20 முதல் 68 பாகை வரை பின்னோக்கிச் சாயும் அது, கப்பல் தளத்தில் நிறுத்தும்போது மட்டும் 75 பாகைக்குச் செல்லும். ஹார்னெட்டின் இறக்கை நுனி மேல்நோக்கி மடங்குவதால், மடிப்பினுள் தெரியும் கீல்களையும் குழாய்களையும் நுணுக்கமாகக் காட்டலாம்.

ஆயுதத்தில் டாம்கேட்டின் அடையாளம் ஃபீனிக்ஸ் ஏவுகணை. ஆறு வரை சுமக்கலாம் என்றாலும், அத்தனை எடையோடு தளத்தில் இறங்குவது கடினம் என்பதால் அது பணியில் இருந்த காலத்தில் வழக்கமான ரோந்தில் அவ்வாறு ஏற்றியதில்லை. கிட்டில் (மாதிரிக்கான பாகங்கள் வரும் பெட்டியில்) இருக்கிறதே என்று ஆறையும் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹார்னெட்டுக்கு இறக்கை முனைகளில் சைட்விண்டர் ஏவுகணையும், கீழே குண்டுகளும் பொருந்தும். கடற்படைக் குண்டுகளின் வெப்பக் காப்புப் பூச்சு சொரசொரப்பானது. வழவழப்பாக விட்டால் அவை விமானப்படைக் குண்டுகளாகவே தோன்றும்.

உப்புக் காற்றின் அரிப்பைத் தடுக்கப் பராமரிப்புக் குழுவினர் ஆங்காங்கே புது வண்ணம் பூசுவார்கள் என்பதால், இரண்டு விமானங்களிலும் சாம்பல் நிறம் திட்டுத் திட்டாகவே இருக்க வேண்டும். விமானத் தகடுகள் சேரும் பேனல் கோடுகளை மட்டும் கறுப்பாக்குவது போதாது. நுணுக்க வேலையில் ஆர்வமுள்ளவருக்கு மடித்த இறக்கையுடன் கூடிய ஹார்னெட்டையே முதலில் சொல்வேன்.