ஆலிவ் கார்டனா, குடும்பக் கடையா?

பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்புப் போட வேண்டும் என்பது இத்தாலியச் சமையலின் அரிச்சுவடி. 2014-இல் ஸ்டார்போர்டு வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 300 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டு, டார்டன் நிறுவனம் நடத்தும் ஆலிவ் கார்டன் என்ற அமெரிக்க இத்தாலியச் சங்கிலி உணவகங்களில் பாத்திரங்களின் உத்தரவாதக் காலம் நீளும் என்பதற்காக அந்த உப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று குற்றஞ்சாட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் பங்குதாரர்கள் டார்டனின் இயக்குநர் குழு முழுவதையும் மாற்றினார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுதான்: ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால் தெரிந்துவிடும் குறையைச் சொல்ல 300 பக்கங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. ஒரு குடும்பமே நடத்தும் சிறிய இத்தாலியக் கடையில் அந்தக் கரண்டி சமைப்பவர் கையிலேயே இருக்கிறது. அவர் களைத்திருக்கும் நாளில் அவரைத் திருத்த வேறு ஆள் இல்லை என்பதும் உண்மை.

ஆலிவ் கார்டனைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் 'அது அசல் இத்தாலியச் சாப்பாடு இல்லை' என்று தொடங்குவார்கள். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதன்று. 1982-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் தொடங்கிய அந்தக் கடை அசல் இல்லை என்றால், ஃபிலடெல்ஃபியாவின் ஒன்பதாம் தெருவில் 1900 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ரால்ஃப்ஸ் உணவகமும் அந்தப் பொருளில் அசல் இல்லை. சிசிலியிலிருந்தும் நேப்பிள்ஸ் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், ஊரில் பண்டிகைக்கு மட்டும் கிடைத்த இறைச்சி அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்ததால், ஸ்பகெட்டியின் மேல் பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்தார்கள். கத்தரிக்காயில் செய்த பதார்த்தத்தைக் கோழியில் செய்தார்கள். ரோமில் வெண்ணெயும் பார்மசான் சீஸும் மட்டுமே சேரும் ஆல்ஃபிரெடோ பாஸ்தாவில் கிரீம் ஊற்றியதும் அமெரிக்கப் பழக்கமே. ஆகவே ஒப்பிட வேண்டியது அசலை அல்ல, கைப்பக்குவத்தை.

அதில் குடும்பக் கடைக்கே என் வாக்கு. நல்ல கடையில் ரிகட்டோனி என்ற குழல் பாஸ்தாவின் வரிப்பள்ளங்களில் சாஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்த தட்டில் தண்ணீர் தேங்கியிருக்காது. பாஸ்தாவைக் கடைசி ஒரு நிமிடம் சாஸுடன் சேர்த்து வாணலியில் புரட்டுவதால் வருவது அது. ஆயிரக்கணக்கான தட்டுகளை ஒரே மாதிரி இறக்க வேண்டிய சங்கிலி உணவகத்தில் அந்த ஒரு நிமிடத்தை எதிர்பார்ப்பது கடினம்.

விலையில் நிலைமை வேறு. ஆலிவ் கார்டனில் கேட்கக் கேட்க வரும் சூப், சாலட், பூண்டு வெண்ணெய் மணக்கும் பிரெட்ஸ்டிக் ஆகியவையே உண்மையான வியாபாரம். சாலட்டின் மேல் 'போதும்' என்று நாம் சொல்லும்வரை சீஸைத் துருவிக்கொண்டே நிற்பார்கள். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்பவர்தான் அங்கே புத்திசாலி என்பேன். பாஸ்தாவுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண்.

மரக்கறி உண்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறும். இந்தியாவிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துச் செல்லும்போது, இறைச்சிச் சாறு சேராத மினெஸ்ட்ரோனி என்ற காய்கறி சூப் எல்லாக் கிளைகளிலும் கிடைக்கும் என்ற உறுதி பெரிய ஆறுதல். குடும்பக் கடைகளில் காலையிலிருந்து கொதிக்கும் சிவப்பு சாஸில் பன்றி எலும்பு கிடக்கலாம். கேட்காமல் சாப்பிடக் கூடாது. தென் ஃபிலடெல்ஃபியாவில் பத்து மேசைகூட இல்லாத ஒரு கடையில் கேட்டபோது, பரிமாறிய அம்மாள் உள்ளே போய் விசாரித்து வந்து, சாஸ் வேண்டாம் என்று அவரே தடுத்து, பூண்டும் மிளகாயும் எண்ணெயில் தாளித்துப் பாஸ்தா செய்து தரச் சொன்னார். அதற்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், கார்டும் வாங்கவில்லை. ஆனாலும் அந்தத் தட்டை என் தந்தை இன்றும் பேசுகிறார். பார்மசான் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைக்கப்படுவது என்பதால், கண்டிப்பான சைவர்கள் இரண்டு இடத்திலுமே சீஸைத் தவிர்ப்பது நல்லது.

ஒப்பிடவே வாய்ப்பில்லாத ஊர்களும் உண்டு. வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆலிவ் கார்டன் திறந்ததை 2012-இல் உள்ளூர் நாளிதழில் பாராட்டி எழுதிய 85 வயது மேரிலின் ஹேகர்ட்டியை இணையம் முதலில் கேலி செய்தது. ஒன்பதாம் தெரு போன்ற ஒரு தெரு இல்லாத ஊரில் இருந்துகொண்டு அவர் எழுதினார் என்பதைக் கேலி செய்தவர்கள் யோசிக்கவில்லை.

குடும்பக் கடைக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இடையிலான எல்லைக்கோடும் முன்போல் தெளிவாக இல்லை. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1896-இல் தொடங்கிய ராவ்ஸ் உணவகத்தில் பத்தே மேசைகள்; அவையும் வழக்கமான வாடிக்கையாளர்கள் கையில் இருப்பதால் வெளியாள் நுழைவது அரிது. அதே பெயரில் பாட்டிலில் விற்கும் சாஸோ எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. அந்த சாஸின் உரிமையாளரான சோவோஸ் நிறுவனத்தை 2024-இல் கேம்ப்பெல் என்ற பெரிய உணவு நிறுவனம் ஏறத்தாழ 270 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் வீட்டில் வார நாட்களில் அந்த மரினாரா தக்காளி சாஸ்தான், பாஸ்தா வேகும் தண்ணீரில் கைநிறைய உப்புப் போட்டு.